வாங்க, உட்காராதீங்க!

எங்கள் ஊர்ப்பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது, "வாங்க, உட்காருங்க." கடனைத் திருப்பிக் கேட்க வந்தவருக்கும் அதுதான், பெண் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்த தரகருக்கும் அதுதான். பாய் இல்லாத வீட்டில் திண்ணையைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொல்வார்கள். அப்புறம் தண்ணீர். அதற்கும் அப்புறம்தான் வந்த காரியம்.

என் தங்கை மகள், முறைக்கு எனக்கு மருமகள், போன வருஷம் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை எந்தக் கட்டடத்தைக் கைகாட்டினாலும் இந்தக் கதை பொருந்தும். சேர்ந்த பிறகு பதினோரு நாள் அவளுக்கு உட்கார இடமில்லை.

வரவேற்பில் குறைவில்லை. முதல் நாள் காலையிலேயே ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், கெட்டி அட்டை நோட்டு, பேனா, சாக்லேட், நாற்பத்திரண்டு கிலோ பெண்ணுக்கு எக்ஸ்எல் அளவில் ஒரு டி-ஷர்ட், சின்னத் தொட்டியில் ஒரு கள்ளிச்செடி. கள்ளி எதற்கு என்று வெகுநேரம் யோசித்தேன். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாமல் கிடக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறார்களோ என்னவோ. கூடவே ஒரு வாழ்த்து அட்டை: 'அன்புள்ள புதிய குடும்ப உறுப்பினரே!' பலூன் கட்டிய சட்டத்துக்குள் முகத்தை நுழைத்துப் படம் எடுத்து, சாயந்திரத்துக்குள் லிங்க்ட்இன்னில் போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. போட்டாள். முதல் லைக் ஹெச்.ஆருடையது.

"ஸீட் இன்னும் அலாட் ஆகலை மாமா" என்றாள் அன்று ராத்திரி. மறுநாளும் அதையேதான் சொன்னாள். முதல் இரண்டு நாள் பயிற்சி அறையில் ஓட்டினாள். மூன்றாம் நாள் கேன்டீன். அங்கே பதினொன்றரை மணிக்கு மேசை துடைக்க வருகிற அண்ணன், "சாப்பாட்டு நேரம்மா" என்பார், எழுந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் நாள் லீவில் போன ஒருவருடைய நாற்காலி கிடைத்தது. ஆறாம் நாள் அவர் வந்துவிட்டார். அதற்குப் பிறகு, 'கலந்து பழகும் பகுதி' என்று பலகை மாட்டிய ஒரு மூலையில், பஞ்சு மூட்டை மாதிரி பீன் பேக் ஒன்றில் புதைந்து கிடந்தாள். லேப்டாப் ஏழாம் நாள் வந்தது. சார்ஜர் வரவில்லை. சார்ஜர் வேண்டுமென்றால் டிக்கெட், அதாவது கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பம், போட வேண்டும். டிக்கெட் போட லாகின் வேண்டும். லாகின் வேண்டுமென்றால் அதற்கும் டிக்கெட்தான் போட வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் கிழவிகள் சொன்னபோது இந்தக் கம்பெனியெல்லாம் வரவில்லை.

இந்த ஐ.டி. துறையில் உட்காருகிற இடத்தின் பெயரை எதற்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'பெஞ்ச்.' எந்த ப்ராஜெக்டிலும் போடாமல், இன்றைக்கா நாளைக்கா என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு காத்திருக்கிற நிலைக்குப் பெயர் பெஞ்ச். 'பெஞ்சில் இருக்கிறேன்' என்று ஒரு பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தால், அம்மா பிள்ளையார் கோவிலுக்குத் தேங்காய் எடுத்துவைக்கிறாள்.

இனி இன்டக்‌ஷன். புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சிக்குப் பெயர் அது. மொத்தம் ஒன்பது காணொலி. ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்வித்தாள், எண்பது சதவீதம் வாங்காவிட்டால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்றில் ஒரு துணைத்தலைவர் கோட்டு சூட்டுடன் வந்து, என் அறைக் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்தே இருக்கும் என்கிறார். அவர் அறை இருக்கிற மாடிக்கு இவள் கார்டு வேலை செய்யாது. இன்னொன்றில் வேலையையும் வாழ்க்கையையும் எப்படிச் சமமாக வைத்துக்கொள்வது என்று ஒரு அம்மையார் மூச்சை இழுத்துவிடச் சொல்லித் தருகிறார். அதை இரவு பதினொன்றே முக்காலுக்குப் பார்த்து முடித்தாள். மறுநாள் காலைக்குள் ஒன்பதையும் முடித்தாக வேண்டுமாம்.

அந்த ஒன்பதில் ஒன்றிலாவது, ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016ஆம் ஆண்டே தெளிவுபடுத்திவிட்டது என்ற செய்தி இருந்ததா என்று கேட்டேன். "அப்படியா மாமா?" என்றாள். ஏமாற்று மின்னஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு மட்டும் இரண்டு காணொலி. ஏமாற்று ஆஃபர் லெட்டரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு ஒன்றும் இல்லை.

புதியவர்களுக்குத் துணையாக ஒரு பழைய ஊழியரைப் போடுகிறார்கள். பட்டி என்று பெயர். நம் ஊரில் ஆடு அடைக்கிற இடத்துக்கு அந்தப் பெயர்; போகட்டும். அவளுக்கு வாய்த்த பையன் நோட்டீஸ் பீரியடில் இருந்தான், அன்றைக்கு எழுபத்தெட்டாவது நாளோ என்னவோ. தொண்ணூறு முடிந்தால் கிளம்பிவிடுவான். போகிறவனைப் பிடித்து, வருகிறவளுக்கு வழிகாட்டு என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் நல்ல பிள்ளை. எந்த லிப்ட் பாதியில் நிற்கும், எந்த மேனேஜருக்கு மெயில் அனுப்பினால் யாரையெல்லாம் காப்பியில் போட வேண்டும், ராத்திரி கேப் டிரைவர் கேட்டைத் தாண்டி இறங்கச் சொன்னால் இறங்கக் கூடாது, பெண்கள் கழிவறையில் எந்த மாடியில் தண்ணீர் வரும் என்பதைக்கூட யாரிடமோ விசாரித்துச் சொல்லியிருக்கிறான். அந்த அலுவலகத்தில் அவளுக்கு நடந்த உண்மையான இன்டக்‌ஷன் அந்த இருபது நிமிஷம்தான். டீக்காசும் அவனே கொடுத்தான். பன்னிரண்டு நாள் கழித்து அவனுடைய கார்டு வேலை செய்யவில்லை. விடைபெறுகிற மெயில்கூட அவனால் அனுப்ப முடியவில்லை.

சம்பளக் கதைக்கு வருகிறேன். ஆண்டுக்கு மூன்றரை லட்சம். 2010இல் என் நண்பர் மகன் சேர்ந்தபோதும் மூன்று லட்சத்துச் சொச்சம்தான். அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, டீ ஐந்து ரூபாயிலிருந்து பதினைந்து ஆகிவிட்டது. ஃப்ரெஷர் சம்பளம் மட்டும் மார்க்கண்டேயன், என்றும் பதினாறு. அந்த மூன்றரைக்குள் கம்பெனி தன் பங்காகக் கட்ட வேண்டிய பி.எஃப். அடக்கம். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால் கிடைக்கக்கூடிய கிராஜுவிட்டி அடக்கம். காய்ச்சல் வந்தால் உதவுமென்று எடுத்த இன்ஷூரன்ஸ் அடக்கம். மேனேஜர் மனம் வைத்தால் வருகிற 'வேரியபிள்' அடக்கம். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு, பந்தல் வாடகையையும் மேளக்காரர் கூலியையும் சேர்த்து 'உங்களுக்கு இவ்வளவு பரிமாறினோம்' என்று இலையில் கணக்கெழுதுகிற வித்தை இது. கைக்கு வந்தது இருபத்திரண்டாயிரத்துச் சில்லறை. துரைப்பாக்கத்தில் மூன்று பேர் தங்குகிற பி.ஜி. அறையில் ஒரு கட்டிலுக்கு ஒன்பதாயிரம்.

அவளாவது சொன்ன சம்பளத்துக்குச் சேர்ந்தாள். 2023 பிப்ரவரியில் ஒரு பெரிய நிறுவனம், ஆறரை லட்சம் தருவதாகச் சொல்லிக் காக்கவைத்திருந்த பிள்ளைகளிடம், மூன்றரைக்கு வருகிறீர்களா என்று கேட்டது. காய்கறிச் சந்தையில்கூட விலை பேசி முடித்துப் பையில் போட்ட பிறகு இப்படிக் கேட்டால் தக்காளி முகத்தில் வந்து விழும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு பெரிய நிறுவனம், பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தது. மாதம் 21 ஆயிரம். நாடே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு விண்ணப்பம் போட்டது.

இதற்கும் பாண்டு எழுதி வாங்குகிறார்கள். மருமகளுடன் படித்த ஒரு பையன், டிபன் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி என்று அசல் சான்றிதழ் அத்தனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். "இங்கே பத்திரமா இருக்கும்ப்பா" என்றாராம் முதலாளி. புதுப்பெண்ணின் நகையைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்கிற மாமியார்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த அதே சொல். இரண்டு வருஷத்துக்குள் கிளம்பினால் இரண்டு லட்சம். கேட்டால், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். சொன்னது உண்மை. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகுகிற அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அகில இந்திய அளவில் விளம்பரம் செய்து, போட்டி வைத்து ஆளெடுக்க வேண்டிய பொதுத்துறைக்கு, ஒருவர் விலகினால் திரும்ப ஆளெடுப்பது பெருஞ்செலவு என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. டிபன் கடை மாடிக்காரர் இந்தப் பையனை எடுக்கச் செய்த செலவு, கீழே இருந்து வரவழைத்த ஒரு செட் பூரி.

இந்தக் கம்பெனிகளை விட்டுப் போவதற்குத்தான் தொண்ணூறு நாளும் இரண்டு லட்சமும். அவர்கள் நம்மை விடுவதற்கு எத்தனை நாள் என்று மைசூருவில் பார்த்தோம். ஒரு பெரிய நிறுவனம் 2022இல் கேம்பஸில் எடுத்து, ஆஃபர் லெட்டர் கொடுத்து, இரண்டு வருஷம் போல வீட்டில் உட்காரவைத்த பிள்ளைகள். சேரச் சொன்னது 2024இல். பயிற்சித் தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் 300க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து அனுப்பினார்கள். சாயந்திரத்துக்குள் வளாகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், விசாரிக்கும்படி கர்நாடகத் தொழிலாளர் துறைக்கு எழுதியது. இரண்டு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்து, படித்த ஜாவாவெல்லாம் மறந்துபோய், 'வேலை கிடைச்சுதுன்னு சொன்னியே, எப்பம்மா போறே?' என்று தெருவே கேட்கிற கேள்விக்குப் பயந்து கொல்லை வழியாகப் போய்வந்த பிள்ளைக்குத் தேர்வு வைத்தார்கள். காக்கவைத்தவர்களுக்கு யார் தேர்வு வைப்பது? அவர்களுக்கு எத்தனை முறை வாய்ப்பு?

புனேயில் அதே காலகட்டத்துக்குச் சற்று முன்னால், 2024 ஜூலையில், ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த 26 வயதுப் பெண் இறந்துபோனாள். சேர்ந்து நான்கே மாதம். முதல் வேலை. வேலைச்சுமைதான் கொன்றது என்று தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கச் சுற்றியது. மகளின் இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று அதில் எழுதியிருந்தார். அந்தச் சமயம் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் பேசிய நிதியமைச்சர், அழுத்தத்தைத் தாங்குகிற உள்வலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கமும் தந்தார். நான் அந்த முதல் பேச்சையே பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தேசத்தில் வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் சொல்லப்படுவது அதுதான். பாரம் அதிகமா? கழுத்தைப் பலப்படுத்து. பாரத்தைக் குறைக்கிற பேச்சுக்கே இடமில்லை. பழகிக்கொள்வது, ஒத்துப்போவது, அனுசரித்துப்போவது எல்லாம் வந்தவள் வேலை. வரவழைத்தவன் மேசையில் கள்ளிச்செடி வைப்பான்.

ஐ.டி. பிள்ளைகளுக்காக மட்டும் அழுவதாக நினைக்காதீர்கள். அவர்களுக்காவது பஞ்சு மூட்டை உண்டு. மருமகள் தெருவிலேயே இன்னொரு பெண், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வந்தாள். அவளுக்கு இன்டக்‌ஷன் ஒரே வாக்கியத்தில் முடிந்தது: "உக்காரக் கூடாது." காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை. புடவை மடிக்கிற நேரமும் நின்றுகொண்டுதான், வாடிக்கையாளர் இல்லாத மதியத்திலும் நின்றுகொண்டுதான். சுவரில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். மூன்று மாதத்தில் கெண்டைக்கால் நரம்பு நீலமாகப் புடைத்துக்கொண்டது. அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் விழித்துக்கொண்டது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், ஒதுங்கக் கழிவறை இல்லை என்று தொடங்கிய சண்டை அது. விஜி என்ற தையல்காரப் பெண் கூட்டம் சேர்த்தார். 'பெண்கூட்டு' என்று பெயர் வைத்தார்கள். அது வளர்ந்து, நாற்காலி கேட்டு, 2018இல் சட்டம் திருத்த வைத்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்துதர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தத் திருத்தம். அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது உறைக்க எழுபத்து நான்கு வருஷம் பிடித்திருக்கிறது. வாங்க, உட்காருங்க என்று பிச்சைக்காரரைக்கூடத் திண்ணையில் உட்காரவைத்த நாட்டில், உட்கார் என்று சொல்லச் சட்டசபை கூட வேண்டியிருந்தது.

சட்டம் வந்த பிறகு ஒரு தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் காலி அட்டைப்பெட்டிகள் நெஞ்சு உயரம் அடுக்கியிருந்தன. "ஸ்டூல்தான் இருக்கே, உட்காரலாமே அம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் கூரைப் பக்கம் உயர்த்தினாள். கறுப்பாக, உருண்டையாக, கேமரா. "அண்ணாச்சி பார்ப்பார் சார். எட்டு முழமா, நாலு முழமா?" என்றாள். சட்டப்படி எல்லாம் சரி. இன்ஸ்பெக்டர் வந்தால் ஸ்டூலை எண்ணிக்கொண்டு போகலாம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் செல்போன் தொழிற்சாலைக்கு ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டி வந்தார்களே, அந்தப் பெண்களுக்குப் படுக்கவே இடமில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போன பிறகுதான், அவர்கள் தரையில் நெருக்கியடித்துப் படுத்த கதை வெளியே வந்தது. நியாயம் கேட்டுப் பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். உட்கார அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்த ரோடுதான்.

நான் பழைய காலத்தைப் புகழ்கிற ஆள் இல்லை. 1988இல் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். ஜாயினிங் ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு தலைமை எழுத்தர் மேசை முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் நிமிரவில்லை. மூக்குப்பொடி போட்டார், தும்மினார், ஃபைல் கட்டினார். சர்வீஸ் ரிஜிஸ்டர் திறக்கவில்லை என்று முதல் சம்பளம் நாலாம் மாசம்தான் வந்தது. அதுவரை மெஸ்காரர்தான் அரசாங்கம். ஆனால் அன்றைக்குப் பியூன் ஒருவர் ரெக்கார்டு ரூமுக்குப் போய், கரையான் அரித்து மூன்று காலோடு நின்ற ஒரு நாற்காலியை இழுத்துவந்தார். நாலாவது காலுக்குப் பழைய கெஜட் கட்டு ஒன்றை முட்டுக்கொடுத்தார். "உட்காருங்க தம்பி, ஆடாது" என்றார். எட்டு வருஷம் அதில்தான் உட்கார்ந்தேன். தலைமை எழுத்தரின் முகம் மறந்துவிட்டது.

நாடெங்கும் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தபோது பத்திரிகைகளில் முழுப்பக்கப் பெருமை. சுதந்திரம் வாங்கி 78 வருஷம் கழித்து, வேலைக்கு வைத்தவனிடம் 'ஆமாம், இவனை நான்தான் வைத்தேன்' என்று எழுதி வாங்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். நல்லதுதான். காகிதம் கிடைக்கும். நாற்காலிக்கு இன்னும் எத்தனை வருஷமோ.

போன வாரம் மருமகள் போன் செய்தாள். இப்போது அவளே பட்டி. புதிதாக ஒரு பையன், தருமபுரிப் பக்கம், நின்றுகொண்டே லேப்டாப்பைக் கையில் ஏந்தி மெயில் பார்த்துக்கொண்டிருந்தானாம், கோவிலில் தட்டு ஏந்துகிற மாதிரி.

"ஸீட் அலாட் ஆகலைன்னான் மாமா. என் சேரைத் தள்ளிட்டுப் போய் அவன்ட்ட குடுத்துட்டேன். நான் பழையபடி பீன் பேக்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றேன்.

"இருங்க, இன்னும் இருக்கு. ஒரு மணி நேரத்துல அட்மின்ல இருந்து மெயில்." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வாசித்துக் காட்டினாள். அதை அப்படியே தமிழில் எழுதிவைத்தேன்:

'அன்புள்ள குடும்ப உறுப்பினரே! தங்கள் பெயரில் பதிவான நாற்காலி அனுமதியின்றி இடம் மாற்றப்பட்டிருப்பது தணிக்கையில் தெரியவந்துள்ளது. 24 மணி நேரத்துக்குள் நாற்காலியை அதன் இடத்தில் சேர்த்துவிட்டு, எழுத்துமூலம் விளக்கம் தரவும்.'